யார் இந்த டி.பூன்? ஒரு துறைமுக ஊரைத் தன் பாட்டில் சுமந்த பங்க் கலைஞனின் கதை

'ஜாக்காஸ்' நிகழ்ச்சி ஞாபகம் இருக்கா? 2000-ல் எம்டிவியில் ஆரம்பித்து, பிறகு சினிமாவாகவும் வந்தது. ஷாப்பிங் வண்டியில் உட்கார்ந்து சுவரில் மோதுவது, எருமை மாட்டிடம் முட்டு வாங்குவது என எலும்பு உடையும் விளையாட்டுகள். அது ஆரம்பிக்கும்போது துள்ளலாக ஒரு கிட்டார் இசை வரும். அந்த இசை கோடிக்கணக்கானவர்களின் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் வாசித்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

அவர் பெயர் டி.பூன். அந்த நிகழ்ச்சி வருவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 27 வயதில் இறந்துபோனவர். அது 'கொரோனா' என்ற பாடலின் தொடக்க இசை. பாட்டுக்கும் விழுந்து புரளும் சேட்டைகளுக்கும் சம்பந்தமே இல்லை. மெக்சிகோவுக்குப் போன இடத்தில் காலி பாட்டில் பொறுக்கிப் பிழைக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு பூன் எழுதியது அது.

ஒரு தொழிலாளி வீட்டுப் பையன், தன் ஊரை விட்டுக் கொடுக்காமல் அமெரிக்க இசையில் எப்படி ஒரு புது வழி போட்டார்? பார்ப்போம்.

சான் பெட்ரோ இல்லை, சான் பீட்ரோ!

பூனைப் புரிந்துகொள்ள முதலில் அவர் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோ, லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்தின் துறைமுகப் பகுதி. நகரின் மையத்திலிருந்து தெற்கே சுமார் 40 கி.மீ. ஒரு காலத்தில் தனி ஊராக இருந்தது. துறைமுகம் வேண்டும் என்பதற்காக, முதலில் நடுவில் இருந்த ஒல்லியான நிலப்பட்டையை லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்த்துக்கொண்டது. பிறகு 1909-ல் சான் பெட்ரோவையும் இணைத்துக்கொண்டது. மேப்பில் பார்த்தால் இன்றைக்கும் அந்தப் பட்டை ஒரு நாடா மாதிரி தெரியும்.

காகிதத்தில் இரண்டும் ஒரே ஊர். நிஜத்தில் வேறு உலகம். அந்தப் பக்கம் ஹாலிவுட், ஸ்டூடியோ, பணம். இந்தப் பக்கம் கப்பல், கிரேன், மீன்பிடிப் படகு, டின் மீன் தொழிற்சாலை. குரோஷியா, இத்தாலி, மெக்சிகோ என எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களின் சங்கம் பலமான ஊர். 1923-ல் இங்கே துறைமுக வேலைநிறுத்தம் நடந்தபோது, எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அமெரிக்க அரசியல் சாசனத்தை வாசித்ததற்காகவே கைது செய்யப்பட்டார். அந்த மாதிரி வரலாறு உள்ள ஊர்.

ஸ்பானிஷ் உச்சரிப்புப்படி 'பெட்ரோ' என்று சொல்ல வேண்டும். ஆனால் ஊர்க்காரர்கள் 'பீட்ரோ' என்றுதான் சொல்வார்கள். நீங்கள் எப்படி உச்சரிக்கிறீர்கள் என்பதை வைத்தே உள்ளூரா வெளியூரா என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

மரத்திலிருந்து குதித்த நட்பு

டென்னஸ் டேல் பூன் பிறந்தது 1958 ஏப்ரல் 1. அப்பா கடற்படையில் இருந்தவர், பிறகு கார்களுக்கு ரேடியோ பொருத்தும் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் கடற்படைக்காகக் கட்டிய குடியிருப்பு, பின்னாளில் ஏழைகளுக்கான அரசு வீடுகளாக மாறியது. பூன் வளர்ந்தது அங்கேதான்.

13 வயதில் ஒரு நாள், அருகில் இருந்த பெக் பார்க்கில் ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு பையன் நடந்து வந்தான். தன் நண்பன் என்று நினைத்து மேலேயிருந்து பொத்தென்று குதித்தார். பார்த்தால் ஆள் வேறு! அந்தப் பையன்தான் மைக் வாட். அவருடைய அப்பாவும் கடற்படைக்காரர். அன்றைக்கு ஆரம்பித்த நட்பு கடைசி வரை விடவில்லை.

தெருவில் திரிந்து பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்த பூனின் அம்மாதான், இருவரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னார். மகனுக்கு கிட்டார், வாட்டுக்கு பேஸ் கிட்டார் என்று பிரித்துக் கொடுத்ததும் அவரே. காமெடி என்னவென்றால், பேஸ் கிட்டார் எப்படி இருக்கும் என்றே வாட்டுக்குத் தெரியாது. சாதாரண கிட்டாரில் நான்கு கம்பிகளை மட்டும் வைத்து வாசித்தார். சுருதி சேர்ப்பதுகூடத் தெரியாது. கம்பியை எவ்வளவு இறுக்குவது என்பது அவரவர் விருப்பம் என்று நினைத்திருந்தார்கள்!

மகன் மேடை ஏறுவதைப் பார்க்க அந்த அம்மா அதிக நாள் இருக்கவில்லை. 1978-ல் இறந்துவிட்டார்.

பங்க் என்ன சொல்லிக் கொடுத்தது?

70-களில் ராக் இசை என்றால் ஸ்டேடியம், லாரி லாரியாக ஸ்பீக்கர், நட்சத்திரங்கள். சாதாரண ஆளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்போதுதான் பங்க் வந்தது. பெரிய பயிற்சி வேண்டாம், பெரிய கம்பெனி வேண்டாம், சொல்ல விஷயம் இருந்தால் மேடை ஏறலாம் என்பதுதான் அதன் அடிப்படை. பூனுக்கும் வாட்டுக்கும் இது கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. பாட்டு என்பது யாரோ செய்து கொடுப்பது இல்லை, நாமே எழுதலாம் என்று அப்போதுதான் புரிந்தது.

1978-ல் ஜார்ஜ் ஹர்லி, மார்ட்டின் தம்புரோவிச் என்ற நண்பர்களுடன் 'ரியாக்‌ஷனரிஸ்' என்று ஒரு குழு. அது கலைந்ததும், 1980 ஜனவரியில் 'மினிட்மென்'. சில மாதங்களில் ஹர்லியும் டிரம்ஸ் வாசிக்கத் திரும்பி வர, மூவர் அணி உறுதியானது.

ஒரு நிமிஷப் பாட்டு பாடுவதால்தான் இந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டுகள் அவ்வளவு சின்னவைதான். முதல் ரெக்கார்டில் 7 பாட்டு, மொத்தமே 7 நிமிடத்துக்குள்! ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில் கூப்பிட்ட நிமிடத்தில் ஆயுதத்துடன் ஓடிவந்த சாதாரண மக்களை 'மினிட்மென்' என்பார்கள். 1960-களில் ஒரு தீவிர வலதுசாரிக் குழு அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. அதைக் கிண்டலடிக்கிற மாதிரி இவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அதென்ன 'எக்கானோ'?

சான் பெட்ரோ நண்பர்களுக்குள் ஒரு தனி பாஷை இருந்தது. காசுக்காகச் செய்யும் இசை 'மெர்ஷ்', அதாவது கமர்ஷியல். சிக்கனமாகச் செய்வது 'எக்கானோ', எகானமியின் சுருக்கம். இந்த இரண்டாவது வார்த்தைதான் அவர்களுடைய வாழ்க்கை முறை.

எக்கானோ எப்படி வேலை செய்தது?

- ஸ்டூடியோ வாடகை குறைவாக இருக்கும் நடுராத்திரியில் பதிவு செய்தார்கள்.
- ஏற்கெனவே பயன்படுத்திய டேப்பை வாங்கி அதன் மேலேயே பதிவு செய்தார்கள்.
- ஆல்பத்தில் எந்த வரிசையோ அதே வரிசையில் வாசித்தார்கள். பிறகு வெட்டி ஒட்டும் செலவு மிச்சம்.
- சுற்றுப்பயணத்தில் வேன் ஓட்டுவதும், ஸ்பீக்கர் தூக்குவதும் அவர்களேதான்.

இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்த வீடுகளில் வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே கலைக்குள் கொண்டுவந்தார்கள். செலவு குறைவாக இருந்தால் யாருக்கும் கடன்பட வேண்டாம். கடன் இல்லையென்றால் எப்படி வாசிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. கணக்கு அவ்ளோதான்.

பூன் தன் ஊர்க்காரர்களுக்கும் இதையே செய்ய நினைத்தார். பங்க் கச்சேரி என்றால் ஹாலிவுட்டுக்குப் போக வேண்டும், ராத்திரி வெகுநேரம் ஆகும். காலையில் ஷிஃப்ட் இருப்பவர் என்ன செய்வார்? அதனால் சான் பெட்ரோவில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்து, சீக்கிரமே தொடங்கி சீக்கிரமே முடியும் கச்சேரிகளை நடத்தினார். 'நியூ அலையன்ஸ்' என்ற ரெக்கார்டு கம்பெனியை நண்பர்களுடன் தொடங்கி, மற்ற சின்ன குழுக்களின் இசையையும் வெளியிட்டார்.

கிட்டாரிலும் அரசியல்

பூன் நல்ல கனமான உடம்புக்காரர். மேடையில் அந்த உடம்போடு அவர் குதித்துக் குதித்து வாசிப்பதைப் பார்த்து ஜனங்கள் அசந்துபோவார்கள். ராக் ஸ்டார் என்றால் ஒல்லியாக, அழகாக இருக்க வேண்டும் என்ற விதி அங்கே செல்லவில்லை.

வியட்நாம், மத்திய அமெரிக்காவில் அமெரிக்காவின் தலையீடு, உழைப்பவரின் கூலி என்று அவருடைய பாட்டுகளில் அரசியல் நிறைய. எல் சால்வடார் மக்களுக்கான ஆதரவு இயக்கத்திலும் இருந்தார். ஆனால் இதைவிட சுவாரசியமானது, அவர் கிட்டாரின் சத்தம். வழக்கமாக ஒரு ராக் குழுவில் கிட்டார் எல்லாவற்றையும் மூடிவிடும். பூன் தன் கிட்டாரில் கனமான ஒலியைக் குறைத்து, கூர்மையான மேல் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார். ஏன்? வாட்டின் பேஸுக்கும் ஹர்லியின் டிரம்ஸுக்கும் இடம் விட வேண்டும். மூன்று பேர் என்றால் மூன்று பேரும் சமம். சமத்துவத்தை மேடையில் பேசுவதோடு நிற்காமல், ஆம்ப்ளிஃபையரிலும் திருகி வைத்தவர் அவர்.

பங்க் ரசிகர்கள் எல்லோருக்கும் இவர்களைப் பிடித்துவிடவில்லை. ஜாஸ், ஃபங்க், கிராமிய இசை என எல்லாவற்றையும் கலந்தார்கள். இது பங்கே இல்லை என்று மேடையைப் பார்த்துத் துப்பியவர்களும் உண்டு. இவர்கள் மாறவில்லை. விதி இல்லாததுதானே பங்க்?

55-ல் போன ஆல்பம்

1984 ஜூலையில் வந்தது 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்'. 40-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட இரட்டை ஆல்பம். 'ஹஸ்கர் டு' என்ற நட்புக் குழு இரட்டை ஆல்பம் பதிவு செய்தது தெரிந்ததும், நாமும் செய்வோம் என்று கிளம்பி, கூடுதல் பாடல்களை எழுதிச் சேர்த்தார்கள்.

தலைப்பு லாரி டிரைவர்களின் குழூஉக்குறி. நிக்கல் 5 சென்ட், இரண்டு நிக்கல் சேர்ந்தால் 55. டைம் என்பது 10 சென்ட், அதாவது 10-ம் எண் நெடுஞ்சாலை. அப்போது சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 55 மைல். தன்னால் அந்த வேகத்தில் ஓட்ட முடியாது என்று ஒரு ராக் நட்சத்திரம் பாட்டு வெளியிட்டிருந்தார். அதற்கு இவர்களின் பதிலடி இது: காரை ஒழுங்காக ஓட்டுவோம், துணிச்சலை இசையில் காட்டுவோம்!

அட்டைப்படத்தில் வாட் தன் ஃபோக்ஸ்வேகன் காரை ஓட்டுகிறார். ஸ்பீடோமீட்டர் முள் 55-ல் நிற்கிறது. முன்னால் தெரியும் பலகையில் அவர்கள் ஊரின் பெயர். சான் பெட்ரோ. 'ரோலிங் ஸ்டோன்' இதழின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் பின்னாளில் இதுவும் இடம்பிடித்தது.

1985, டிசம்பர் 22

அந்த டிசம்பரில் ஆர்.இ.எம். குழுவுடன் சுற்றுப்பயணத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார்கள். அடுத்து மேடைப் பதிவுகளைத் தொகுத்து ஓர் ஆல்பம் போடும் திட்டம். எந்தப் பாடல்கள் வேண்டும் என்று ரசிகர்களே ஓட்டுப்போட, புதிய ரெக்கார்டுடன் ஓட்டுச்சீட்டும் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, தோழியுடன் வேனில் அரிசோனாவுக்குக் கிளம்பினார் பூன். காய்ச்சல். பின்பக்கம் படுத்திருந்தார், சீட் பெல்ட் போடவில்லை. பாலைவனத்தில் வேன் சாலையை விட்டு விலகியது. பின்கதவு வழியாகத் தூக்கி வீசப்பட்ட பூன், கழுத்து முறிந்து அங்கேயே இறந்தார். அது 10-ம் எண் நெடுஞ்சாலை. அவருடைய புகழ்பெற்ற ஆல்பத்தின் தலைப்பில் இருக்கும் அதே சாலை.

மினிட்மென் அன்றோடு முடிந்தது. ஆறு வருஷம்கூட ஆகவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

ரசிகர்கள் அனுப்பிய ஓட்டுகளை வைத்து, 1987-ல் 'பேலட் ரிசல்ட்' வெளியானது. இனி இசையே வேண்டாம் என்று உடைந்துபோயிருந்தார் வாட். ஒஹையோவிலிருந்து எட் கிராஃபோர்ட் என்ற இளம் ரசிகர் சான் பெட்ரோவுக்கே தேடி வந்து, சேர்ந்து வாசிக்கலாம் என்று விடாமல் கேட்டார். அப்படி உருவானது 'ஃபயர்ஹோஸ்'. 1997-ல் வாட் வெளியிட்ட ஓர் ஆல்பம், மினிட்மென் கதையை ஒரு கப்பலின் இன்ஜின் அறையில் வேலை செய்யும் மூன்று பேரின் கதையாகச் சொன்னது. துறைமுக ஊர்க்காரருக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்?

2001-ல் அமெரிக்காவின் சுயாதீன இசைக் குழுக்களைப் பற்றி மைக்கேல் அஸெராட் எழுதிய புத்தகத்தின் தலைப்பே, மினிட்மென் பாடலின் ஒரு வரிதான். 2005-ல் அவர்களைப் பற்றி ஆவணப்படமும் வந்தது.

கலைஞனாக வேண்டும் என்றால் ஊரை விட்டுப் போக வேண்டும், பேச்சை மாற்ற வேண்டும், எங்கிருந்து வந்தோம் என்பதை மறைக்க வேண்டும் என்று யாரோ எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பூன் இந்த மூன்றையும் செய்யவில்லை. ஹாலிவுட் 40 கி.மீ. தூரத்தில்தான் இருந்தது. அவர் போகவில்லை. தன் ஊரிலேயே, காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சீக்கிரம் முடியும் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை எங்காவது அந்த 'ஜாக்காஸ்' இசை காதில் விழுந்தால், யாராவது விழுவதற்காகக் காத்திருக்க வேண்டாம். பாட்டை முழுசாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டரை நிமிஷம்கூட ஆகாது.