இன்சுலின் கண்டறிந்த பாண்டிங்: நோபல் தொகையில் பாதியைப் பகிர்ந்த மருத்துவர்

உலக நீரிழிவு நாளான நவம்பர் 14, கனடா மருத்துவர் பிரெடெரிக் பாண்டிங்கின் பிறந்த நாளாகும். இந்தியாவில் அதே நாள் குழந்தைகள் தினம், பொருத்தமான தற்செயல்தான்.

1891-இல் ஒன்டாரியோவில் வேளாண் குடும்பத்தில் பிறந்த அவர், முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிக் காயமுற்றவர். இரத்தச் சர்க்கரையை உடல் செல்கள் பயன்படுத்த உதவும் இன்சுலின், கணையத்தில் சுரக்கும் ஹார்மோன். அது சுரக்காத குழந்தைகளுக்கு அந்நாளில் பட்டினிக்கு நிகரான உணவுக் கட்டுப்பாடே சிகிச்சை; அது மரணத்தைச் சற்றே தள்ளிப்போட்டது.

1921-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மேக்லியாட் அளித்த ஆய்வகத்தில், மாணவர் சார்லஸ் பெஸ்டுடன் இணைந்து கணையச் சாற்றைப் பாண்டிங் பிரித்தெடுத்தார். 1922 ஜனவரி 11-இல் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்குச் செலுத்திய முதல் ஊசி உரிய பலனளிக்கவில்லை. சாற்றில் மாசு மிகுந்திருந்தது. வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய சாறு ஜனவரி 23 முதல் செலுத்தப்பட்டதும் சிறுவனின் சர்க்கரை அளவு குறைந்தது. பாண்டிங்கைப் போற்றுவோர் பலரும் காலிப்பை மறந்துவிடுகின்றனர்.

1923-இல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மேக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்ட் விடுபட்டதால் சினமுற்ற பாண்டிங், தம் தொகையில் பாதியை அவருக்கு அளித்தார். மேக்லியாட் தம் பங்கைக் காலிப்புடன் பகிர்ந்துகொண்டார். காப்புரிமை, ஆளுக்கு ஒரு டாலர் வீதம் பல்கலைக்கழகத்துக்கு விற்கப்பட்டது.

1941 பிப்ரவரியில் நியூஃபவுண்ட்லாந்தில் நேரிட்ட விமான விபத்தில், 49 வயதில் பாண்டிங் உயிரிழந்தார். முதல் ஊசிக்குப் பின் தாம்சன் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.