சட்டமன்றம் கண்ட சான்றோர் இராவ் பகதூர் எம். சி. இராஜா

ஒரு தலைவரின் பெருமையை அவருக்கு எழுந்த சிலைகளைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. சட்டமன்றத்தில் அமர்ந்தவரை அளக்க வேறோர் அளவுகோலும் உண்டு. அவர் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், எதனை ஆதரித்தார், எதனை எதிர்த்தார், வெளியில் பேசியதும் உள்ளே வாக்களித்ததும் ஒத்திருந்தனவா என்பனவே அவ்வளவுகோல். நம் சமுதாயத்தின் முதல் தலைமுறைச் சட்டமன்ற உறுப்பினர்களுள் ஒருவராகிய எம். சி. இராஜா அவர்களின் வாழ்க்கையை அவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் இவ்வெள்ளிவிழா மலரைப் படிக்கும் இளைஞர்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறேன்.

இளமையும் ஆசிரியப் பணியும்

1883ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் இராஜா பிறந்தார். தந்தையார் மயிலை சின்னத்தம்பி அச்சகமொன்றில் பணிபுரிந்தவர். மயிலை சின்னத்தம்பி இராஜா என்பதே எம். சி. இராஜா எனச் சுருங்கியது. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். நம் மக்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவரே அரியராக இருந்த காலத்தில் அவர் பட்டதாரியானார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பட்டம் பெற்றபின் அவர் ஏற்ற தொழில் ஆசிரியத் தொழில். பள்ளிப் பாடநூல்களும் எழுதினார். வகுப்பறையில் நின்றவர் என்பதனால், நம் பிள்ளைகள் பள்ளிக்கு வராமைக்கும், வந்தவர் இடையில் நிற்பதற்கும் உரிய காரணங்களைக் கண்ணாரக் கண்டவர் அவர். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். தொடக்கக் கல்வி பற்றி ஆராய அரசு அமைத்த குழுவிலும் இடம் பெற்றார். பொதுவாழ்வுக்குள் அவர் நுழைந்த வாயில் கல்வியே ஆகும்.

பெயர் பெற்ற தீர்மானம்

இரட்டை ஆட்சி முறை வந்தபோது அமைந்த சென்னை மாகாணச் சட்டசபையில் இராஜா நீதிக் கட்சியைச் சார்ந்த உறுப்பினராக அமர்ந்தார். அங்கு அவர் ஆற்றிய பணிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது 1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானம். அரசுப் பதிவேடுகளில் நம்மவரைப் பறையர், பஞ்சமர் என்று குறிக்கும் வழக்கை விடுத்து, தமிழரை ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கரை ஆதி ஆந்திரர் என்றும் குறித்தல் வேண்டும் என்பது அதன் பொருள். சபை அதனை ஏற்றது. அரசும் அவ்வாண்டிலேயே ஆணை பிறப்பித்தது.

பெயர் மாறினால் நிலை மாறிவிடுமா என்று சிலர் கேட்பர். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை எழுதி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் நாள் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை, தன்னை அரசு எந்தச் சொல்லால் எழுதுகிறது என்பதைக் கேட்டுக்கொண்டே நிற்கிறது. அச்சொல்லில் இழிவு தொனித்தால் பிள்ளையின் தலை அன்றே குனியும். அந்தத் தலை நிமிர வேண்டும் என்று எண்ணியவர் ஓர் ஆசிரியர் என்பதில் வியப்பில்லை.

கட்சியைவிட்டு விலகல்

1921ஆம் ஆண்டு சென்னை பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. அதன் விளைவாகப் புளியந்தோப்பில் கலகம் எழுந்து, ஏழைகளின் குடிசைகள் தீக்கிரையாயின. ஆதிதிராவிடர்க்கு அரசு காட்டிய சலுகையே கலகத்திற்குக் காரணம் என்று ஆளுங்கட்சித் தலைவர் சிலர் பழி கூறினர். குடிசை இழந்தவர் மீதே குற்றம் சுமத்துவதை இராஜாவால் பொறுக்க இயலவில்லை. அதே ஆண்டில் பிராமணரல்லாதார்க்கு அரசுப் பணிகளில் இடம் ஒதுக்கும் ஆணை வந்தபோதும், அதில் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று அவர் முறையிட்டார். முறையீடு பயன் தராமையால் 1923இல் கட்சியைவிட்டு விலகினார்.

ஆட்சியில் இருக்கும் கட்சியை விட்டு வெளியேறுவது எளிதன்று. பதவியும் செல்வாக்கும் வேண்டுபவர் மேலும் நெருங்கி அமர்வரே அன்றி எழுந்து போகார். நம் மக்களின் நிலையை வெளியுலகம் அறியும்பொருட்டு 1925இல் ‘ஒடுக்கப்பட்ட இந்துக்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றையும் அவர் எழுதினார்.

தில்லியில் பத்தாண்டு

1927 முதல் 1937 வரை இராஜா மத்திய சட்டசபையில் அரசால் நியமிக்கப்பெற்ற உறுப்பினராக விளங்கினார். சைமன் குழுவைப் புறக்கணிக்கும் தீர்மானத்தை லாலா லஜபதி ராய் 1928 பிப்ரவரியில் கொண்டுவந்தபோது, 68க்கு 62 என்னும் வாக்குகளால் அது நிறைவேறிற்று. இராஜா நின்றது எதிர்ப்பக்கம். பின்னர் சைமன் குழுவுடன் இணைந்து பணியாற்றிய இந்திய மத்தியக் குழுவிலும், சர். சங்கரன் நாயர் தலைமையில் உறுப்பினரானார். இதற்காக அவரைத் தேசத்தின் பகைவர் என்று தூற்றியோர் பலர். விசாரணை நடக்கும் இடத்தில் நம் மக்களின் குறையைச் சொல்ல ஒரு வாயேனும் வேண்டும் என்பதே அவரது எண்ணம். அம்பேத்கர் அவர்களும் அக்குழுவின் முன் சாட்சியம் அளித்தவரே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தேர்தல் முறையில் மாறிய நிலை

இனி, அவரைப் பற்றிய விவாதம் இன்றளவும் ஓயாத பகுதிக்கு வருவோம். தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித்தொகுதி முறை வேண்டும் என்று முன்னர் வற்புறுத்தியவர் இராஜா. வட்டமேசை மாநாட்டிற்கு நம் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சென்றனர். இராஜாவுக்கு அழைப்பு வரவில்லை. 1932இன் தொடக்கத்தில் அவர் இந்து மகாசபைத் தலைவர் டாக்டர் மூஞ்சேயுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். பொதுத்தொகுதியில் இட ஒதுக்கீடு போதும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அழைப்பு வராத மனத்தாங்கலே காரணம் என்பார் சிலர். சிறுபான்மையினர் தனித்து நின்றால் ஊரார் பகையே மிஞ்சும் என்ற அச்சமே காரணம் என்பார் சிலர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் தனித்தொகுதி வழங்கினார். காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாவிரதம் மேற்கொண்டார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எதிரெதிர் நின்ற அம்பேத்கர், சீனிவாசன், இராஜா ஆகிய மூவரின் கையெழுத்தும் அதில் உள்ளன. சென்னை மாகாணத்தில் நமக்கு 30 இடங்கள் கிடைத்தன.

1938: சோதனை ஆண்டு

1937இல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஏப்ரல் முதல் ஜூலை வரை இயங்கிய இடைக்கால அமைச்சரவையில் இராஜா வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தார். பின்னர் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. நமக்கென ஒதுக்கிய 30 இடங்களில் 26 காங்கிரஸ் வசமாயின.

1938இல் இராஜா இரண்டு சட்ட முன்வடிவுகளைக் கொண்டுவந்தார். முதலாவது, சமூக இயலாமைகளை நீக்கும் முன்வடிவு. பொதுச்சாலை, கிணறு, குளம் முதலியவற்றில் நம்மவரைத் தடுத்தல் குற்றம் என்பது அதன் கருத்து. ஆட்சியின் ஆதரவோடு அது சட்டமாயிற்று. இன்றுள்ள தீண்டாமை ஒழிப்புச் சட்டங்களுக்கு அது ஒரு முன்னோடி.

இரண்டாவது, கோயில் நுழைவு முன்வடிவு. 1936இலேயே திருவிதாங்கூர் மன்னர் தம் நாட்டுக் கோயில்களைத் திறந்துவிட்டிருந்தார். சென்னை மாகாணத்திலும் அவ்வழி பிறக்கும் என்று இராஜா நம்பினார். இராஜாஜியோ முன்வடிவைத் திரும்பப் பெறுமாறு வேண்டினார். மலபார்க் கோயில்களுக்கு மட்டும் தனிச்சட்டம் கொண்டுவர எண்ணினார். இராஜா காந்தியடிகளுக்கு எழுதினார். இராஜாஜியை நம்புமாறு விடை வந்தது. இராஜா திரும்பப் பெற மறுத்து, வாக்கெடுப்பைக் கோரினார். முன்வடிவு தோற்றது.

இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். எவருக்காக அந்தக் கதவு திறக்க வேண்டுமோ, அவர்தம் பெயரால் ஒதுக்கிய இடங்களில் அமர்ந்தோரும் கட்சிக் கட்டளைக்குக் கட்டுப்பட்டவராகவே இருந்தனர். தாம் கையெழுத்திட்ட ஏற்பாடு எத்தகைய பிரதிநிதிகளைத் தந்தது என்பதை இராஜா தம் கண்முன் கண்டார். காங்கிரசின் மீது கொண்ட நம்பிக்கை தளர்ந்தது. பொதுத்தொகுதி முறையை ஏற்றது குறித்து வருந்தவும் செய்தார். தம் தவற்றை உணர்ந்து வெளிப்படையாக நிலை மாறுதல் சிறுமையன்று. மறைத்துக்கொண்டு பிடிவாதம் செய்வதே சிறுமை.

அடுத்த ஆண்டு, 1939 ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் முயற்சியால் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நம்மவர் நுழைந்தனர். அதன்பின் அவ்வாண்டிலேயே அரசு சட்டம் இயற்றியது. மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. இராஜா தோற்ற வழக்கைக் காலம் வென்று கொடுத்தது. அதனைக் காண அவர் இல்லை.

இறுதிக் காலம்

1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, அம்பேத்கரும் இராஜாவும் ஒருங்கே சென்று கிரிப்ஸைக் கண்டு, அத்திட்டத்தில் நம் மக்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று எடுத்துரைத்தனர். பத்தாண்டுக்கு முன் எதிரெதிர் நின்ற இருவர், சமுதாயத்தின் நலன் என்று வந்தபோது ஒரே மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்தனர். 1943 ஆகஸ்ட் 20ஆம் நாள், பிறந்த பரங்கிமலையிலேயே இராஜா காலமானார்.

சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதி, சிற்றூர்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த நம் பிள்ளைகள் பலருக்குப் புகலிடம் தந்தது. ஆசிரியராகத் தொடங்கிய ஒருவரின் பெயர் விடுதியில் நிலைபெற்றது பொருத்தமே.

இளைஞர்களே! உங்களுக்கு வாக்குரிமை உண்டு. உங்களிடம் வாக்குக் கேட்டு வருவோரின் மேடைப் பேச்சை மட்டும் கேட்டு மயங்காதீர்கள். சட்டமன்றத்தில் அவர் எப்போது எழுந்து நின்றார், எப்போது வாய்மூடி இருந்தார் என்பதை உசாவி அறியுங்கள். சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சாகின்றன. படிக்கத் தெரிந்தவர் எவரும் படிக்கலாம். நம் கல்விச் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது அரசுப் பணிக்கு மட்டுமன்று, இவ்வாறு படித்து அறிந்து வினவுவதற்கும் ஆகும். தோற்கும் என்று தெரிந்தும் வாக்கெடுப்பைக் கோரிய அப்பெருமகனுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.