எர்னஸ்ட் காட்மன்

எர்னஸ்ட் அமோரி காட்மன் (டிசம்பர் 30, 1869 – நவம்பர் 23, 1940) அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். அறுவை சிகிச்சை பெற்ற ஒவ்வொரு நோயாளிக்கும் பலன் கிட்டியதா, கிட்டவில்லையெனில் காரணம் என்ன என்பதை மருத்துவமனைகள் பதிவு செய்து வெளியிட வேண்டும் என்று வாதிட்டதற்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

காட்மன் 1895 இல் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, பின்னாளில் மூளை அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற ஆர்வி குஷிங்குடன் சேர்ந்து, ஈதர் கொடுக்கப்பட்ட நோயாளிகளின் நாடித்துடிப்பையும் மூச்சையும் அட்டையில் குறித்து வந்தார். இன்றைய மயக்கமருந்துப் பதிவேடுகளுக்கு இதுவே முன்னோடி. பின்னர் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றினார்.

இறுதி முடிவுத் திட்டம்

காட்மனின் திட்டம் எளிமையானது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. அதில் நோய், செய்த சிகிச்சை, ஓராண்டு கழித்து அவருடைய நிலை ஆகியவை எழுதப்படும். பலன் குறைவாக இருப்பின் அது அறிவுக் குறைவாலா, தவறான முடிவாலா, கவனக் குறைவாலா, நோயைத் தவறாகக் கணித்ததாலா என்று வகைப்படுத்தப்படும்.

இதன் தேவையை அண்ணப்பிளவு அறுவையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம் (இது விளக்கத்திற்கான எடுத்துக்காட்டு மட்டுமே). தையல் ஆறியதை வைத்து அதனை வெற்றி எனக் கூற இயலாது. குழந்தை வளர்ந்து பேசும்போதுதான் ஒலி மூக்கின் வழியே கசிகிறதா என்பது தெரியும். அக்குழந்தையை மீண்டும் பார்க்காத மருத்துவர் தம் கைத்திறனைப் பற்றி எதையும் கற்பதில்லை.

1911 இல் காட்மன் பாஸ்டனில் சிறிய மருத்துவமனை ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கினார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 பிழைகளைக் கணக்கிட்டு, தம் பிழைகளையும் மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டார். இக்காலத்திலும் இதற்குத் துணிபவர் மிகச் சிலரே.

எதிர்ப்பு

திறனைப் பாராது பணிமூப்பின்படி பதவி உயர்வு அளிப்பதைக் கண்டித்து 1914 இல் பொது மருத்துவமனைப் பதவியைத் துறந்தார். சனவரி 1915 இல் மருத்துவர் கூட்டமொன்றில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து வைத்தார். அதில் மணலில் தலையைப் புதைத்த தீக்கோழி ஒன்று, பின்னால் நின்ற மருத்துவர்களை நோக்கிப் பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளியது. தீக்கோழி நகரின் செல்வந்தர்களைக் குறித்தது. கூட்டத்தில் பெரும் சலசலப்பு எழுந்தது. காட்மன் உள்ளூர் மருத்துவச் சங்கப் பிரிவின் தலைமையையும் ஆர்வர்டு ஆசிரியர் பணியையும் இழந்தார். நோயாளிகளின் வரவும் குறைந்தது.

அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1918 இல் தொடங்கிய ஆய்வில், 100 படுக்கைகளுக்குக் குறையாத 692 மருத்துவமனைகளுள் 89 மட்டுமே அடிப்படைத் தரத்தை எட்டின. செய்தி பரவக்கூடாது என்று 1919 இல் அப்பட்டியலை நியூயார்க் விடுதி ஒன்றின் உலையில் எரித்துவிட்டனர்.

பிற்காலம்

1920 இல் எலும்புப் புற்றுநோயாளிகளுக்கான பதிவேட்டைத் தொடங்கினார். தோள்பட்டை குறித்த இவரது நூல் 1934 இல் வெளியாயிற்று. கேம்பிரிட்ஜ் நகரின் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் பெயர்ப்பலகையின்றி இருந்த இவரது கல்லறையில் 2014 இல் நினைவுக்கல் நிறுவப்பட்டது.