ஆர். கே. சண்முகம் செட்டியார்

ஆர். கே. சண்முகம் செட்டியார் (அக்டோபர் 17, 1892 – மே 5, 1953) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், பொருளியல் அறிஞர், அரசியலாளர், தமிழிசை ஆர்வலர் ஆவார். மத்திய சட்டப்பேரவைத் தலைவர், கொச்சி சமஸ்தானத்தின் திவான் ஆகிய பதவிகளை வகித்த இவர், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றார். ஓராண்டு நிறைவுற்ற இரண்டாம் நாளிலேயே, ஆகஸ்ட் 17, 1948 அன்று, வரி ஏய்ப்போர் பட்டியல் தொடர்பான சர்ச்சையால் பதவி விலகினார். அதன்பின் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வாழ்ந்தும் நடுவண் அரசில் எப்பொறுப்புக்கும் அவர் திரும்பவில்லை.

இளமை

சண்முகம் செட்டியார் கோயம்புத்தூரில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெயரைக் கொண்டு இவரைச் செட்டிநாட்டு நகரத்தார் எனக் கருதுவோர் உண்டு. இவர் கோவையின் வாணியச் செட்டியார் சமூகத்தைச் சேர்ந்தவர். செட்டிநாட்டுடன் இவருக்கு இருந்த தொடர்பு தமிழிசை இயக்கத்தின் வழியாக ஏற்பட்டதாகும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1917இல் கோவை நகராட்சி உறுப்பினராகிப் பின்னர் அதன் துணைத்தலைவராகவும் இருந்தார்.

சட்டமன்றங்களில்

1920இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். 1924 முதல் தில்லியில் மத்திய சட்டப்பேரவையில் இடம்பெற்றார். அங்குச் சுயராச்சியக் கட்சியின் தலைமைக் கொறடாவாகச் செயல்பட்டார். நீதிக்கட்சி, சுயராச்சியக் கட்சி, மீண்டும் நீதிக்கட்சி என இவருடைய அரசியல் சார்பு மாறிக்கொண்டே இருந்தது. அக்காலத் தலைவர்கள் பலரிடமும் இதனைக் காணலாம். ஆனால் இவர் எந்த ஒரு கட்சிக்குள்ளும் தமக்கென ஓர் அணியை வளர்த்துக்கொள்ளவில்லை. இக்குறை பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் தடையாயிற்று.

1931இல் பேரவையின் துணைத்தலைவராகவும் 1933இல் தலைவராகவும் ஆனார். 1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த பேரரசுப் பொருளாதார மாநாட்டில் இந்தியப் பேராளர்களுள் ஒருவராகக் கலந்துகொண்டார். பிரித்தானியப் பொருட்களுக்கு வரிச்சலுகை அளித்த ஒட்டாவா உடன்படிக்கையைக் காங்கிரசு கடுமையாக எதிர்த்தது. 1933இல் ஆங்கில அரசு இவருக்குச் 'சர்' பட்டம் வழங்கியது. மறு ஆண்டு நடந்த தேர்தலில், பேரவைத் தலைவராக இருந்தபோதே, காங்கிரசு வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோல்வியடைந்தார்.

கொச்சித் திவான்

1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். கொச்சித் துறைமுகம் பெருந்துறைமுகமாக வளர்ந்தது இக்காலத்தில்தான். 1938இல் அங்கு இரட்டையாட்சி முறை நடைமுறைக்கு வந்து, சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ஒருவரிடம் சில துறைகள் ஒப்படைக்கப்பட்டன. எர்ணாகுளத்தின் காயற்கரைச் சாலை இவர் பெயரால் சண்முகம் சாலை என வழங்குகிறது.

அதே 1938இல் செனீவாவில் நடந்த உலக நாடுகள் சங்கக் கூட்டத்துக்கு இந்தியப் பேராளராகச் சென்றார். போர்க்காலத்தில் அமெரிக்காவில் இந்திய அரசின் கொள்முதல் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1944இல் அனைத்துலக நாணய நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அடித்தளமிட்ட பிரெட்டன் வூட்ஸ் மாநாட்டில் சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப் ஆகியோருடன் இந்தியக் குழுவில் இடம்பெற்றார்.

நிதியமைச்சர்

1947 ஆகஸ்டில் அமைந்த நேருவின் அமைச்சரவையில் காங்கிரசைச் சாராத சிலரும் இடம்பெற்றனர். அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி ஆகியோருடன் சண்முகம் செட்டியாரும் அவர்களுள் ஒருவர். காங்கிரசை எதிர்த்துத் தேர்தலில் நின்றவரும் ஆங்கில அரசின் பட்டம் பெற்றவருமான ஒருவரிடம் நாட்டின் கருவூலம் ஒப்படைக்கப்பட்டது. பட்டறிவே இவருடைய ஒரே தகுதியாக இருந்தது எனலாம்.

நவம்பர் 26, 1947 அன்று விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை இவர் அளித்தார். அது ஏழரை மாதங்களுக்கு மட்டுமானது. வருவாய் 171.15 கோடி ரூபாய் என்றும் செலவு 197.39 கோடி ரூபாய் என்றும் மதிப்பிடப்பட்டது. செலவில் 92.74 கோடி, அதாவது ஏறத்தாழப் பாதி, பாதுகாப்புத் துறைக்கே சென்றது. அகதிகள் மறுவாழ்வு, உணவுத் தானிய இறக்குமதி ஆகிய சுமைகளும் அதே ஆண்டில் சேர்ந்தன. பிரிவினையின்போது பாக்கித்தானுக்குத் தரவேண்டியிருந்த 55 கோடி ரூபாயை நிறுத்திவைப்பதா கொடுப்பதா என்ற விவாதமும், 1948 சனவரியில் காந்தியின் உண்ணாநோன்புக் காலத்தில் அது விடுவிக்கப்பட்டதும் இவர் பொறுப்பில் இருந்தபோது நிகழ்ந்தவை.

1948 கோடையில் இலண்டன் சென்ற இந்தியக் குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார். போர்க்காலத்தில் இந்தியா அளித்த பொருட்களுக்காகப் பிரித்தானியா தரவேண்டியிருந்த ஸ்டெர்லிங் இருப்பை எவ்வாறு விடுவிப்பது என்பது குறித்து சூலையில் உடன்பாடு ஏற்பட்டது. இவ்வுடன்பாட்டுக்கு அடுத்த மாதமே பதவியை இழந்தார்.

வரி ஏய்ப்போர் பட்டியல்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் துணித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஆலைகளும் வணிகர்களும் பெரும் இலாபம் ஈட்டினர். மிகை இலாப வரி விதிக்கப்பட்டிருந்ததால் அவ்விலாபத்தின் ஒரு பகுதி கணக்கில் வராமல் மறைந்தது. 1946 சனவரியில் 500, 1000, 10000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதும் இதன் பொருட்டே. 1947இல் இடைக்கால அரசின் நிதியமைச்சர் லியாகத் அலி கான், பெரும் வரி ஏய்ப்பு வழக்குகளை ஆராய்வதற்கென வருமானவரி விசாரணை ஆணையம் ஒன்றை அமைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் எஸ். வரதாச்சாரியார் அதன் தலைவரானார்.

இந்த ஆணையம் தானாக எவரையும் விசாரிக்க இயலாது. யாருடைய கணக்கை ஆராய வேண்டும் என்பதை அரசே குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பெரும் வரி ஏய்ப்பு நடந்துள்ளது என நம்ப முகாந்திரம் இருந்தால் பெயரை அனுப்பலாம் என்பதே விதி. எவ்வளவு தொகை பெருந்தொகை, ஒருவர் பெயரைச் சேர்க்கவோ விலக்கவோ எவை காரணங்கள் என்பவற்றைச் சட்டம் வரையறுக்கவில்லை. ஆகவே பட்டியலின் பொறுப்பு முழுவதும் நிதியமைச்சகத்தின் மேல் விழுந்தது.

அத்தகைய பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்த சில பெயர்கள் பின்னர் நீக்கப்பட்டது 1948இல் தெரியவந்தது. அமைச்சருக்கு அறிமுகமான கோவை ஆலை உரிமையாளர்களும் அவர்களுள் அடங்குவர் என்பது குற்றச்சாட்டாகும். பைக்காரா மின்சாரம் வந்த 1930களுக்குப் பின் கோவையில் ஆலைகள் பெருகியிருந்தன. அவ்வூரின் வணிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு ஆலை உரிமையாளர்களைத் தெரியாமல் இருக்க வழியில்லை. பெயர்களை நீக்கியதற்குத் தக்க காரணம் இருந்திருந்தாலும், அதனை வெளியார் நம்பும்படி காட்டுவது அவருக்கு அரிதாகவே இருந்திருக்கும். இதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டு சண்முகம் செட்டியார் பதவி விலகினார். ஜான் மத்தாய் நிதியமைச்சரானார்.

அச்சட்டத்தின் குறையைச் சில ஆண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றம் வேறொரு கோணத்தில் ஆராய்ந்தது. ஒரே நிலையில் உள்ள இருவருள் ஒருவரை வழக்கமான வருமானவரி நடைமுறைக்கும் மற்றவரை இவ்வாணையத்தின் கடுமையான நடைமுறைக்கும் உட்படுத்துவது சமத்துவ உரிமைக்கு முரணானது என்ற வாதம் எழுந்தது. 1954இல் சூரஜ் மால் மோதா வழக்கில் 5ஆம் பிரிவின் ஒரு பகுதி செல்லாது எனப்பட்டது. 1955இல் செட்டிநாட்டு வணிகக் குடும்பத்தினர் தொடுத்த எம். சிடி. முத்தையா வழக்கில், அரசு பெயர்களை அனுப்புவதற்கு அடிப்படையாக இருந்த 5(1)ஆம் பிரிவையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓர் அமைச்சரின் பதவியைப் பறித்த பட்டியலுக்குச் சட்டத்தின் துணையும் இவ்வாறு இல்லாமற்போனது. அப்போது அவர் உயிருடன் இல்லை.

பதவி விலகலுக்குப் பின்

இந்தியாவின் முதல் நான்கு நிதியமைச்சர்களும் பதவி விலகியே வெளியேறினர் என்பது இங்குக் கருதத்தக்கது. ஜான் மத்தாய் 1950இல் திட்டக்குழு தொடர்பான கருத்து வேறுபாட்டாலும், சி. டி. தேஷ்முக் 1956இல் பம்பாய் நகரின் எதிர்காலம் குறித்த கருத்து வேறுபாட்டாலும், டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் முந்த்ரா விவகாரத்தாலும் விலகினர். முதல்வரையும் நான்காமவரையும் ஒப்பிடுவது பொருத்தமாகும். இருவரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். இருவரும் தொழில் உலகை அறிந்தவர்கள். இருவர் மீதும் தொழிலதிபர்களுக்குச் சலுகை காட்டியதாகவே குற்றம் சாட்டப்பட்டது. கிருஷ்ணமாச்சாரியின் செயல் சாக்ளா ஆணையத்தின் முன் பலர் அறிய விசாரிக்கப்பட்டது. அவ்வாணையம் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் இல்லை. ஆயினும் 1962இல் திருச்செந்தூர்த் தொகுதியில் போட்டியின்றித் தேர்வாகி, மறு ஆண்டே மீண்டும் நிதியமைச்சரானார். சண்முகம் செட்டியார் மீதான குற்றச்சாட்டோ அத்தகைய விசாரணைக்கு உட்படவில்லை. எனினும் அவருக்கு மறுவாய்ப்புக் கிட்டவில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. கிருஷ்ணமாச்சாரி காங்கிரசுக்காரர், அவரைத் திரும்ப அழைக்கக் கட்சி இருந்தது, தொகுதி இருந்தது. சண்முகம் செட்டியாரை அமைச்சராக்கியது அவருடைய திறமையின் மேல் இருந்த நம்பிக்கை மட்டுமே. அந்நம்பிக்கை குலைந்தபோது அவர் சார்பில் பேசுவதற்குக் கட்சிக்குள் ஒருவரும் இல்லை. அவரைப் போலவே கட்சிக்கு வெளியிலிருந்து வந்த முகர்ஜி, விலகிய மறு ஆண்டே ஜனசங்கத்தை நிறுவினார். அத்தகைய அரசியலில் சண்முகம் செட்டியாருக்கு நாட்டமிருந்ததாகத் தெரியவில்லை. முதல் மக்களவையில் கோவையின் உறுப்பினராக அமர்ந்தவர் காங்கிரசைச் சேர்ந்த டி. ஏ. இராமலிங்கம் செட்டியார்.

தமிழ்ப்பணி மட்டும் இவரை விட்டு நீங்கவில்லை. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1940களில் தொடங்கிய தமிழிசை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் இவரும் ஒருவர். இசை அரங்குகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே மிகுந்திருந்த அக்காலத்தில், தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று மேடைகளில் வாதாடினார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு இவர் எழுதிய உரை 1946இல் வெளிவந்தது. நிதியமைச்சர் பதவிக்கு முந்தைய ஆண்டில் இளங்கோவடிகளுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தவர் என்பதைப் பொருளியல் மாணவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. தம் இறுதி ஆண்டுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பொறுப்பு வகித்தார்.

மே 5, 1953 அன்று தமது 60ஆம் வயதில் காலமானார்.