கருவியைச் சுமந்து சென்ற மனிதர்: சாமிக்கண்ணு வின்சென்ட்

தமிழ்த் திரைப்படத்தின் வரலாறு பெரும்பாலும் நடிகர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. நடிகர்களுக்கு அடுத்தபடியாக இயக்குநர்களும் இசையமைப்பாளர்களும் இடம்பெறுவர். ஆனால், திரையை நோக்கி அமர்ந்திருக்கும் பார்வையாளரின் முதுகுக்குப் பின்னால், சிறியதோர் அறையில் சுழன்றுகொண்டிருக்கும் கருவியைப் பற்றியோ, அதனை இயக்கியவர்களைப் பற்றியோ நாம் சிந்திப்பது அரிது. அக்கருவி இல்லையேல் நடிகர் இல்லை, பாடல் இல்லை, படமே இல்லை. அதனைத் தமிழ் மக்களிடம் முதன்முதலில் கொண்டு சேர்த்தோருள் தலையாயவர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883ஆம் ஆண்டு பிறந்த வின்சென்ட், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடப் பணியாளராக இருந்தார். பாதுகாப்பான உத்தியோகம், மாதந்தோறும் தவறாத சம்பளம். அக்காலத்து நடுத்தரக் குடும்பம் ஒன்று அதற்குமேல் எதிர்பார்த்திராது. 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர், சலனப்படம் காட்டும் கருவியோடு திருச்சிக்கு வந்திருந்தார். உடல்நலம் குன்றியதால் அவரால் பயணத்தைத் தொடர இயலவில்லை. கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப விரும்பினார். ஏறத்தாழ 2,000 ரூபாய் திரட்டி அவற்றை வாங்கினார் வின்சென்ட். ஒரு ரயில்வே ஊழியருக்கு அது பெருந்தொகை. வாங்கிய சுருள்களுள் இயேசு கிறிஸ்துவின் வாழ்வைச் சொல்லும் படமும் இருந்தது. இருபத்திரண்டு வயதில் அவர் எடுத்த அந்த முடிவு, தென்னாட்டில் ஒரு தொழிலுக்கே வித்திட்டது.

அவர் வாங்கியது எத்தகைய கருவி என்பதை அறிந்தால்தான் அவரது துணிவின் அளவு விளங்கும். திரையில் ஓடுவதாக நாம் காணும் படம் உண்மையில் ஓடுவதில்லை. சுருளில் உள்ள ஒவ்வொரு படமும் ஒளியின் முன் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்த படம் அவ்விடத்துக்கு நகரும்போது, சுழலும் தகடொன்று ஒளியை மறைக்க வேண்டும். நிற்பதும் நகர்வதுமான இவ்வியக்கம், ஊமைப்படக் காலத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 16 முறை நிகழ்ந்தது. தையல் இயந்திரம் துணியை விட்டுவிட்டு நகர்த்துவதைப்போல, படச்சுருளின் ஓரத் துளைகளில் நகம் போன்ற உறுப்பு பற்றி இழுப்பது ஒரு முறை. சிலுவை வடிவப் பற்சக்கரம் ஒன்று கால் சுற்றுக்கு ஒருமுறை நின்று நின்று திரும்புவது மற்றொரு முறை. இவற்றையெல்லாம் இயக்கியது மின்மோட்டார் அன்று, மனிதக் கை. கைப்பிடியை விநாடிக்கு இரண்டு சுற்று வீதம் சீராகச் சுழற்ற வேண்டும். கை தளர்ந்தால் திரையில் மனிதர் மிதப்பர், விரைந்தால் துள்ளுவர்.

ஆபத்தும் அருகிலேயே இருந்தது. அன்றைய படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. தீப்பொறி பட்டால் வெடிமருந்துபோல் எரியக்கூடியது. மின்சாரம் இல்லாத ஊர்களில், வாயுச் சுவாலையால் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி அதன் வெண்ணொளியைப் பயன்படுத்துவது அக்கால வழக்கம். அந்த வெப்பத்துக்கு வெகு அருகில் படச்சுருள் கடந்து செல்லும். தொடக்ககாலக் கருவிகள் பலவற்றில் ஓடி முடிந்த சுருள் கீழே ஒரு பையிலோ கூடையிலோதான் குவிந்தது. 1897 மே மாதம் பாரிஸ் நகரின் அறக்கொடைச் சந்தையொன்றில், படம் காட்டும் விளக்கிலிருந்து பரவிய தீயில் 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகையதொரு கருவியைத்தான் வின்சென்ட் துணிக்கூடாரத்துக்குள் வைத்து இயக்கினார்.

திருச்சியில் தொடங்கிய காட்சிகள் விரைவில் ஊர் ஊராகப் பரவின. சென்னை எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அமைத்துப் படம் காட்டினார். பின்னர் வடக்கே லாகூர், பெஷாவர் வரை அவரது பயணம் நீண்டது. கூடாரம், கம்பங்கள், திரை, கருவி, சுருள் பெட்டிகள் என அனைத்தும் ரயிலில் ஏறும். நிலையத்திலிருந்து மாட்டுவண்டியில் திடலுக்குச் செல்லும். ரயில்வேயில் பணிபுரிந்தவருக்கு எந்த ஊருக்கு எந்தப் பாதை என்பது தெரியாததா? தண்டவாளம் சென்ற இடமெல்லாம் அவரது கூடாரமும் சென்றது. மண்தரையில் அமர்ந்து குறைந்த கட்டணத்தில் படம் பார்க்கும் வழக்கம் இத்தகைய கூடாரங்களில்தான் பிறந்தது. சாதியாலும் செல்வத்தாலும் பிரிக்கப்பட்டிருந்த மக்கள் ஒரே இருளில் ஒரே ஒளியைப் பார்த்து வியந்த இடம் என்ற வகையில், அக்கூடாரத்துக்குச் சமூக வரலாற்றிலும் ஓர் இடமுண்டு.

வின்சென்ட் வெறும் காட்சியாளராக நின்றுவிடவில்லை. பிரான்ஸ் நாட்டின் பதே நிறுவனத்தின் பிரதிநிதியாகி, படம் காட்டும் கருவிகளைப் பிறருக்கும் விற்கத் தொடங்கினார். தமக்குப் போட்டியாளர்களைத் தாமே உருவாக்கும் செயலாக இது தோன்றலாம். ஆயினும், ஒருவர் மட்டும் கருவி வைத்திருந்தால் அது வித்தை. பலர் வைத்திருந்தால்தான் அது தொழில் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

பதே நிறுவனத்தை நிறுவிய சார்ள்ஸ் பதேயின் கதையும் வின்சென்டின் கதைக்கு அண்மையானதே. இறைச்சி வணிகரின் மகனான அவர், 1894இல் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்கிச் சந்தை சந்தையாகக் கொண்டு சென்று மக்களுக்குக் கேட்கச் செய்து பிழைத்தவர். பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய திரைப்பட நிறுவனங்களுள் ஒன்றை உருவாக்கிய பின்பும், கருவியைச் சாதாரண மனிதனின் கைக்குக் கொண்டு செல்லும் எண்ணம் அவரை விடவில்லை. 1912இல் அவரது நிறுவனம் எளிதில் தீப்பற்றாத 28 மில்லிமீட்டர் சுருளையும், கைப்பிடியைச் சுழற்றும்போதே விளக்குக்கான மின்சாரத்தையும் தானே உண்டாக்கும் கருவியையும் வெளியிட்டது. 1922இல் வந்தது பதே பேபி. அதில்தான் சுருள், சிமிழ் போன்ற சிறிய உலோகப் பேழைக்குள் அடைக்கப்பட்டது.

அதன் அமைப்பு இன்றும் வியக்கத்தக்கது. படச்சுருளின் அகலம் 9.5 மில்லிமீட்டர் மட்டுமே. துளைகள் ஓரங்களில் இல்லை. இரு படங்களுக்கு இடையே நடுவில் ஒரே துளை. எனவே அகலம் முழுவதும் படத்துக்கே கிடைத்தது. ஏறத்தாழ 9 மீட்டர் சுருளைக் கொண்ட பேழையைக் கருவியின் தலையில் பொருத்திக் கைப்பிடியைச் சுழற்றினால் போதும். ஓடிய சுருள் கீழேயுள்ள சிறு அறையில் தானே சுருண்டுகொள்ளும். பின்னர் அதனை மீண்டும் பேழைக்குள் சுற்றிவிடலாம். ஊமைப்படத்தில் எழுத்துகள் வரும் இடத்தில் சுருளின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். உணரும் உறுப்பொன்று அவ்வெட்டில் விழுந்ததும், கைப்பிடி சுழன்றாலும் படம் மட்டும் சில விநாடிகள் நகராது நிற்கும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பார்வையாளர் படித்து முடிக்கும்வரை காத்திருந்த அக்கருவி, எத்தனையோ அடிச் சுருளை மிச்சப்படுத்தியது. பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்ட தொழிலைச் சிறுவரும் செய்யக்கூடியதாக மாற்றியது அந்தச் சிமிழ். 1960களில் மேலைநாட்டுப் பாடசாலைகளில், முடிவற்ற வளையமாகச் சுற்றப்பட்ட 8 மில்லிமீட்டர் சுருள் பேழைகள் ஏறத்தாழ நான்கு நிமிடப் பாடங்களைக் காட்டின. அவற்றுக்கும் மூதாதை இதுவே எனலாம்.

ஆனால், திரையரங்கை அச்சிமிழால் வெல்ல முடியவில்லை. இரண்டு மணி நேரப் பேசும்படத்துக்கு ஏறத்தாழ 10,800 அடி, அதாவது மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான சுருள் தேவை. அதனை அடைக்க எந்தச் சிமிழும் போதாது. ஆகவே, பெரிய திரைக்குக் கருவியறிந்த மனிதரே தொடர்ந்து தேவைப்பட்டார். வின்சென்ட் போன்றோர் வளர்த்த தொழில் நிலைத்தது அதனாலேயே.

1914ஆம் ஆண்டு வின்சென்ட் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற அரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தரத் திரையரங்குகளுள் அது ஒன்று. பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1932இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தமது அரங்குக்கான மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். மின்விசையால் இயங்கும் அச்சகமும் அரவை ஆலையும் அவரது முயற்சிகளாகத் தொடர்ந்தன. படம் காட்ட வந்த இயந்திர அறிவு, ஒரு நகரின் தொழில் வளர்ச்சிக்கும் உதவியது என்பது குறிப்பிடத்தக்கது.

பேசும்படம் வந்தபோதும் அவர் ஒதுங்கவில்லை. 1933இல் கல்கத்தாவின் பயோனியர் நிறுவனத்தோடு இணைந்து, டி.பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் படத்தைத் தயாரித்தார். அது பெருவெற்றி பெற்றது. தொடர்ந்து கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ உருவாவதில் பங்குகொண்டார். 1947இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி அங்குதான் உருவாயிற்று. அதனைக் காண வின்சென்ட் இல்லை. 1942இல் அவர் காலமானார். கோவையில் வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் மட்டும் அவரது அரங்கை நினைவூட்டி நிற்கிறது.

கிழக்கிலங்கையில் வாழும் நமக்கு இவ்வரலாறு எதற்கு என்ற கேள்வி எழலாம். இலங்கையில் முதல் சலனப்படக் காட்சி 1901இல், தியத்தலாவையில் சிறைவைக்கப்பட்டிருந்த போயர் போர்க் கைதிகளுக்காக நடந்தது. 1903இல் வார்விக் மேஜர் என்பவர் பொதுமக்களுக்குப் பயஸ்கோப் காட்டத் தொடங்கினார். எனினும், கருவி ரயிலைத் தொடர்ந்தே சென்ற அக்காலத்தில், மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல்தான். வாவியும் ஆறுகளும் காடும் பிரித்த இந்நிலத்தில், பாசிக்குடா, கல்குடா போன்ற கரையோர ஊர்களுக்குப் பாரமான கருவியொன்றைக் கொண்டு வருவது எத்துணைக் கடினமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பின்னர் வந்த கருவிகளுக்கோ உப்புக்காற்றே முதற் பகை. 1978 நவம்பர் சூறாவளி, நீண்ட போர், 2004 டிசம்பர் ஆழிப்பேரலை ஆகியன இக்கரையில் உயிர்களையும் வீடுகளையும் அழித்தன. வீட்டுப் பெட்டிகளிலும் பாடசாலை அறைகளிலும் இருந்த நினைவுப் பொருள்களையும் அவை விட்டுவைக்கவில்லை.

எஞ்சியவற்றுக்கு இப்போது வேறொரு ஆபத்து. படச்சுருளின் காலம் முடிந்துவிட்டது. திரையரங்குகளுக்குப் படம் இன்று வன்தட்டிலோ செய்மதி வழியாகவோ வருகிறது. வன்தட்டுப் பேழையைச் செருகினால் படம் ஓடுகிறது. ஒரு வகையில் பதேயின் சிமிழே இறுதியில் வென்றுவிட்டது. பயனற்றுப்போன பழைய கருவிகள் நிறைக்கு நிறை பழைய இரும்பாக விலைபோகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த முதியவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். கருவி போனால் அருங்காட்சியகத்துக்கு இழப்பு; அதை இயக்கத் தெரிந்த கை போனால் அறிவுக்கே இழப்பு.

பாசிக்குடாவின் ஆழமற்ற கடலை நாடி இன்று உலகெங்கும் இருந்து பயணிகள் வருகின்றனர். அவர்களுக்குக் காட்ட நம்மிடம் கடலும் மணலும் மட்டுமே இருத்தல் போதுமா? மட்டக்களப்பில் உள்ள கல்வி நிறுவனங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் முன்வந்து, இப்பகுதியில் மிஞ்சியுள்ள பழைய படக்கருவிகளைத் திரட்டி ஒரு சிறு கூடத்திலேனும் காட்சிக்கு வைக்கலாம். அவற்றை இயக்கிய முதியோரின் அனுபவங்களைப் பதிவு செய்யலாம். மாணவன் ஒருவன் கைப்பிடியைத் தானே சுழற்றி, நிற்கும் படம் எவ்வாறு ஓடும் படமாகிறது என்பதைக் கண்ணால் காண்பானாயின், நூறு பக்கப் பாடம் தராத தெளிவை அவன் பெறுவான்.

சாமிக்கண்ணு வின்சென்ட் எந்தப் படத்திலும் தோன்றவில்லை. எந்தச் சுவரொட்டியிலும் அவர் முகம் இல்லை. ஆயினும், வேற்று நாட்டுக் கருவி ஒன்றை அஞ்சாது வாங்கி, கற்று, இயக்கி, பிறருக்கும் பரப்பினார் அவர். இயந்திரத்தை வியந்து நிற்பது ஒரு நிலை. அதனைத் தனதாக்கிக்கொள்வது மற்றொரு நிலை. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தமிழரை அழைத்துச் சென்றவர்களுள் ஒருவர் என்பதே அவருக்குரிய பெருமை. வீட்டின் மூலையிலோ பாடசாலையின் களஞ்சிய அறையிலோ துருவேறிய கருவியொன்று கிடக்குமானால், பழைய இரும்பு வாங்குபவரை அழைக்கும்முன் ஒருமுறை அதன் கைப்பிடியைச் சுழற்றிப் பார்ப்பது, அம்மனிதருக்கு நாம் செலுத்தும் எளிய மரியாதையாக அமையும்.