மூன்றாண்டு காத்த ரகசியம்: ஒயின் மேதை மேக்ஸ் ஷூபர்ட்

1957ஆம் ஆண்டு திராட்சை அறுவடைக்குச் சற்று முன்பு, சிட்னி தலைமையகத்திலிருந்து மேக்ஸ் ஷூபர்ட்டுக்கு எழுத்து மூலம் ஓர் உத்தரவு வந்தது. அவர் உருவாக்கிய 'கிரேஞ்ச்' சிவப்பு ஒயினைத் தயாரிப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்பதே அது. அவர் நிறுத்தவில்லை.

தென் ஆஸ்திரேலியாவின் பரோசா வட்டாரத்தில், ஜெர்மானிய வழி வந்த குடும்பத்தில் 1915இல் பிறந்தவர் ஷூபர்ட். 1931இல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். மருத்துவர் கிறிஸ்டோபர் பென்ஃபோல்டும் அவர் மனைவி மேரியும் அடிலெய்டு நகரை ஒட்டிய மகில் என்ற இடத்தில் 1844இல் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. இரண்டாம் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றித் திரும்பிய ஷூபர்ட், 1948இல் அங்கேயே தலைமை ஒயின் தயாரிப்பாளராக உயர்ந்தார்.

அந்நாளில் ஆஸ்திரேலியர்கள் பெரும்பாலும் அருந்தியது இனிப்பும் போதையும் கூடிய போர்ட், ஷெரி வகைகளையே. ஷெரி தயாரிப்பைக் கற்க 1950இல் ஐரோப்பா சென்ற ஷூபர்ட், பிரான்சின் போர்டோ நகருக்கும் போனார். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கடந்தும் சுவை குன்றாத ஒயின்களை அங்கே கண்டார். தம் நாட்டிலும் அப்படியொன்றைச் செய்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார்.

போர்டோவின் திராட்சை வகைகள் அப்போது ஆஸ்திரேலியாவில் போதிய அளவு விளையவில்லை. அதனால், அங்கு நன்கு வேரூன்றியிருந்த ஷிராஸைத் தேர்ந்தெடுத்தார். பிரான்சில் சிரா எனப்படும் கருந்திராட்சைதான் அது. 1951இல் அதன் சாற்றைப் புதிய அமெரிக்க ஓக் மரப் பீப்பாய்களில் ஊறவிட்டு, முதல் கிரேஞ்சைச் சோதனையாகத் தயாரித்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின் சிட்னியில் அதைச் சுவைத்துப் பார்த்த வல்லுநர்கள் முகம் சுளித்தனர். இளம் ஒயினில் துவர்ப்பு தூக்கலாக இருந்தது. அது அடங்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். காத்திருக்க எவருக்கும் பொறுமையில்லை. விற்க முடியாத சரக்கு குவிகிறது, நிறுவனத்தின் பெயரும் கெடுகிறது என்று கருதியே நிர்வாகம் தடை விதித்தது.

விஷயம் வெளிப்பட்டால் வேலை போய்விடலாம். இருந்தும், பென்ஃபோல்ட் குடும்பத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்டின் ஆதரவோடு 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டுகளும் ஷூபர்ட் கிரேஞ்சை ரகசியமாகத் தயாரித்தார். புதுப் பீப்பாய் வாங்கக் கணக்கில் வழியில்லை, பழையவற்றிலேயே ஊறவைத்தார். அதனால் அந்த மூன்றும் அவர் எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை. ஆனால், ஆண்டுத் தொடர் அறுபடவில்லை.

இதற்கிடையே முந்தைய ஆண்டுகளின் ஒயின் போத்தலில் பக்குவப்பட்டது. மீண்டும் சுவைத்த நிர்வாகம் மனம் மாறி, 1960 அறுவடைக்கு முன்பே தடையை நீக்கியது. 1962 சிட்னி போட்டியில் 1955ஆம் ஆண்டு கிரேஞ்ச் தங்கப் பதக்கம் பெற்றது. பிற்காலத்தில் அந்த ஓர் ஆண்டின் ஒயினே 50க்கும் மேற்பட்ட தங்கப் பதக்கங்களைக் குவித்தது.

1994 மார்ச்சில், தமது 79ஆம் வயதில் ஷூபர்ட் காலமானார். மறு ஆண்டே 1990ஆம் ஆண்டு கிரேஞ்சை, அமெரிக்காவின் 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' இதழ் ஆண்டின் சிறந்த ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. அவர் 1951இல் செய்த முதல் கிரேஞ்ச் கடைக்கு வரவே இல்லை. தெரிந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டது. அதில் எஞ்சியிருக்கும் ஒரு போத்தல், ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் விலைபோயிருக்கிறது.