வேகம் மட்டும் போதாது என்று தெரிந்த மார்ஷல்

1978 கடைசியில் வெஸ்ட் இண்டீஸ் அணியோடு இந்தியாவுக்கு வந்த 20 வயதுப் பையன் ஒருவன் அதுவரை ஆடியிருந்தது ஒரே ஒரு முதல்தர ஆட்டம். சீனியர்கள் எல்லாம் கெர்ரி பேக்கர் பக்கம் போய்விட்டதால் கிடைத்த இடம் அது. பார்படாஸ்காரன், பெயர் மால்கம் மார்ஷல். ஒரு வயதிலேயே அப்பாவைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவன். தாத்தாதான் கிரிக்கெட் சொல்லித் தந்தார்.

அந்தத் தொடரில் மூன்று டெஸ்ட் ஆடியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வேகம் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மற்ற ஆட்டங்களையும் சேர்த்து 37 விக்கெட் எடுத்ததைக் கவனித்த ஹாம்ப்ஷயர் கவுண்டி, 1979-ல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. 1993 வரை அங்கேதான்.

என்னைக் கேட்டால் மார்ஷலை உருவாக்கியது இந்த கவுண்டி வேலைதான். இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்கு இந்த ஊர் வானிலை தெரியும். காலையில் ஈரம், மதியம் வெயில், அடுத்த ஊரில் வேறு மாதிரி பிட்ச். கோடை முழுக்க நாள் தவறாமல் ஓடிவந்து போட்டால்தான் எந்த பிட்சில் எந்த லெங்த் என்பது உடம்புக்குள் இறங்கும். 1982 சீசனில் மட்டும் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் 134 விக்கெட்!

1983-ல் மறுபடி இந்தியா வந்தது வேறொரு மார்ஷல். 6 டெஸ்டில் 33 விக்கெட். கான்பூரில் கவாஸ்கர் கையிலிருந்த மட்டையே தெறித்து விழுந்தது. சேப்பாக்கத்தில் கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் அடித்த 236 பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அன்றைக்கு நான்காவதாக இறங்க வேண்டியவர் உள்ளே வந்தபோது ஸ்கோர் 0-க்கு 2. கெய்க்வாட், வெங்சர்க்கார் ரெண்டு பேரையும் டக்கில் அனுப்பியிருந்தார் மார்ஷல்.

அடுத்த வருஷம் ஹெடிங்லியில் இடதுகைக் கட்டைவிரல் முறிந்தது. ஒற்றைக் கையால் பேட் பிடித்து லாரி கோம்ஸ் சதம் அடிக்கத் துணை நின்றார். பிறகு அதே கட்டோடு பந்து போட்டு 53 ரன்னுக்கு 7 விக்கெட். எல்லாரும் பேசுவது இந்தத் துணிச்சலைப் பற்றித்தான். எனக்கு 1988 தான் பெரிசு. 30 வயசு ஆகிவிட்டது. கார்னர் மாதிரி உயரமும் கிடையாது, 5 அடி 11 அங்குலம்தான். முழு வேகத்தை எப்போதாவதுதான் எடுத்தார். ஸ்விங், சீம், டென்னிஸ் லில்லியிடம் கற்றுக்கொண்ட லெக் கட்டர், இதை வைத்தே இங்கிலாந்தில் 35 விக்கெட், சராசரி 12.65. உச்சத்தில் இருந்துகொண்டே எதிரணிக்காரரிடம் பாடம் கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

இப்போது அகாடமி வாசலில் நிற்கிற நம்ம ஆட்கள் முதலில் கேட்பது பையன் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போடுகிறான் என்பதைத்தான். தொடர்ந்து ஆறு பந்தை ஒரே இடத்தில் போடுகிறானா என்று கேட்பவர் குறைவு.

81 டெஸ்ட், 376 விக்கெட், சராசரி 20.94 என்று முடித்த மார்ஷல், கடைசிக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் அணிக்கு ஆடினார். அங்கே ஷான் பொல்லாக் என்ற இளைஞருக்குத் தான் சேர்த்த வித்தையை எல்லாம் கற்றுக்கொடுத்தார். பொல்லாக் பிறகு எடுத்தது 421 டெஸ்ட் விக்கெட். லைன் லெங்த் பிசகாத பந்துவீச்சு என்றால் அந்தக் காலத்தில் அவர் பெயர்தான்.

1996-ல் மார்ஷல் வெஸ்ட் இண்டீஸ் கோச் ஆனார். 1998-99-ல் அந்த அணி தென்னாப்பிரிக்கா போய் ஐந்து டெஸ்டையும் தோற்றது. விக்கெட்டுகளை அள்ளியவர்களில் ஒருவர் பொல்லாக். பெவிலியனில் உட்கார்ந்து அதைப் பார்த்த கோச் மனசில் என்ன ஓடியிருக்கும்!

சில மாதங்களில், 1999 உலகக் கோப்பை நேரத்தில், குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த வருஷம் நவம்பர் 4-ல் பார்படாஸில் காலமானார். வயது 41. சவுத்தாம்ப்டனில் ஹாம்ப்ஷயர் மைதானத்துக்குள் போகும் சாலைக்கு மார்ஷல் டிரைவ் என்று பெயர். அவருக்கு முன்பு அதே கவுண்டிக்கு ஆடிய இன்னொரு பார்படாஸ்காரர் ராய் மார்ஷலுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. மேட்ச் பார்க்கப் போனால் போர்டைப் பாருங்கள்.